அடுத்த புதன்கிழமைக்கு எந்தக் குவெரி?

கேள்வி: அக்கா, நான் நாகர்கோவிலில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். குலசேகரம், அருமனை, திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் எடுக்கும் வியாபாரிகளுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். டீமில் ஏழு பேர். புதன்கிழமை மத்தியானம் மீட்டிங். அதில் இருபது நிமிஷம், டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் குவெரிகளை எழுதும் மொழியான எஸ்கியூஎல்லில் ஏதாவது ஒரு வசதியைப் பற்றி ஒருவர் பேச வேண்டும் என்று மேனேஜர் சொல்லி, தலைப்பு தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார். முதல் வாரம் ரிகர்ஸிவ் குவெரி எடுத்தேன், இரண்டாம் வாரம் பிவட் (வரிகளைப் பத்திகளாகத் திருப்புவது). இரண்டு நாளும் ஒருத்தர் வாய் திறக்கவில்லை. இருபது வருஷமாகக் குவெரி எழுதும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். "இது நம்ம வேலைக்கு எதுக்குடே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். எங்கள் பழைய வாடிக்கையாளர்கள் மைஎஸ்கியூஎல் 5.7 டேட்டாபேஸில் இருக்கிறார்கள், புதியவர்கள் போஸ்ட்கிரெஸில். அடுத்த பத்து வாரத்துக்கு ஒரு பட்டியல் தருவீர்களா? — தக்கலையிலிருந்து ஒரு தம்பி.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது அண்ணாச்சியின் கேள்விதான். உங்களுக்கு அது வலித்திருக்கும். ஆனாலும் தலைப்பு தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. ரிகர்ஸிவ் குவெரி கிளை பிரிந்து போகும் தரவுக்கு உதவும்: ஒரு அதிகாரிக்குக் கீழே யார், அவருக்குக் கீழே யார்; ஒரு இயந்திரத்துக்குள் என்னென்ன பாகம், அந்தப் பாகத்துக்குள் என்ன. உங்கள் கணக்கில் அப்படிக் கிளை எங்கே இருக்கிறது? விவசாயி பால் கொண்டு வருகிறார், எடை போடுகிறார்கள், டி.ஆர்.சி. (பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்ற அளவு) பார்க்கிறார்கள், முன்பணம் கழித்துப் பணம் கொடுக்கிறார்கள். அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ரிகர்ஸிவ் குவெரிக்கு வேண்டிய 'வித்' (குவெரிக்குள் வரும் துணைக்குவெரிக்கு மேலேயே பெயர் வைக்கும் சொல்) மைஎஸ்கியூஎல்லில் 8.0 பதிப்பில்தான் வந்தது, 2018இல். உங்கள் டீமில் பழைய வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் மீட்டிங் முடிந்து தங்கள் மேஜையில் போய் அதை அடித்துப் பார்த்திருந்தால் பிழைச்செய்திதான் வந்திருக்கும். பிவட்டும் அப்படித்தான். எஸ்கியூஎல் சர்வரிலும் ஆரக்கிளிலும் அதற்குத் தனிச் சொல் உண்டு. மைஎஸ்கியூஎல்லில் கிடையாது. போஸ்ட்கிரெஸில் தனியாக ஒரு எக்ஸ்டென்ஷன் சேர்க்க வேண்டும். எழுந்து போய் உடனே பயன்படுத்த முடியாத ஒன்றைக் காட்டினால் யாரும் என்னதான் பேசுவார்கள்? உங்கள் பேச்சில் குறை இருந்திருக்காது.

ஆகவே பத்துப் பெயர் எழுதிய பட்டியலாக நான் தரப்போவதில்லை. எங்கிருந்து எடுப்பது, எதை முன்னால் வைப்பது என்று சொல்கிறேன். உங்கள் கம்பெனியில் வாடிக்கையாளர் போன் செய்து குறை சொன்னால் எங்கேயோ எழுதி வைப்பீர்கள், ஒரு நோட்டிலோ வாட்ஸாப் குழுவிலோ. கடைசி ஆறு மாதத்தை எடுத்து உட்காருங்கள். "கணக்கு ஒத்து வரல்ல", "ஆளு பேரு ரிப்போர்ட்ல காணல்ல", "ரெண்டு தடவ ஏறிட்டு" என்று வந்ததையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தலைப்புகள் அந்தத் தாளில் இருக்கின்றன.

அதிலும் எது முதலில்? பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் தப்பு விடை கொடுக்கும் குவெரிதான் முதலில். பக்கம் மெதுவாகத் திறந்தால் வாடிக்கையாளர் சத்தம் போடுவார். எழுத்துப் பிழை இருந்தால் மெஷினே சத்தம் போடும். தொகை தப்பாக வந்து, அது பார்க்க நியாயமான தொகையாகவும் இருந்தால் யாரும் சத்தம் போட மாட்டார்கள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து மரப்பட்டையை வெட்டிப் பால் எடுத்தவருக்குக் காசு குறையும். அல்லது வியாபாரிக்குக் குறையும். நம் தொழிலில் இதைவிடப் பெரிய தப்பு இல்லை என்று நான் நினைக்கிறேன்.

வரும் புதன்கிழமைக்கே ஒன்று சொல்கிறேன். ஒரு விவசாயி ஒரு வாரத்தில் மூன்று தடவை பால் ஊற்றியிருக்கிறார்: 2000 ரூபாய், 2500 ரூபாய், 1500 ரூபாய். இடையில் இரண்டு தடவை முன்பணம் வாங்கியிருக்கிறார்: 1000, 500. கொடுக்க வேண்டிய பாக்கி 6000இல் 1500 போக 4500. இதைக் குவெரியில் எழுதச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் விவசாயி டேபிளோடு பால் டேபிளை ஜாயின் செய்து (விவசாயி எண் ஒத்துப்போகும் வரிகளை இணைத்து), அதோடு முன்பண டேபிளையும் ஜாயின் செய்து, இரண்டுக்கும் 'சம்', அதாவது கூட்டல், போடுவார்கள். படிக்கும்போது சரியாகத்தான் தெரியும். ஓடவும் ஓடும். ஆனால் மூன்று பால் வரியும் இரண்டு முன்பண வரியும் ஒன்றோடொன்று சேரும்போது ஆறு வரி ஆகிவிடுகிறது. ஒவ்வொரு பால் தொகையும் இரண்டு தடவை, ஒவ்வொரு முன்பணமும் மூன்று தடவை. பால் 12,000 என்று வரும், முன்பணம் 4500 என்று வரும், பாக்கி 7500. மூவாயிரம் ரூபாய் கூடுதல்.

இந்த ஆறு வரியையும் போர்டில் கையால் எழுதிக் காட்டுங்கள், தம்பி. புரொஜெக்டர் வேண்டாம். முதலில் டேபிள்களை மட்டும் எழுதிவிட்டு, "விடை என்ன வரும், ஆளாளுக்கு ஒரு தாளில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். எல்லாரும் எழுதிய பிறகு ஓட்டிக் காட்டுங்கள். தான் எழுதிய எண்ணும் திரையில் வந்த எண்ணும் வேறாக இருக்கும் அந்த நொடியில் டீம் வாய் திறக்கும். இருபது நிமிஷத்தில் அந்த ஒரு நொடிதான் முக்கியம், மீதியெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் வருவது.

யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார், "'சம்'முக்குள்ளே 'டிஸ்டிங்க்ட்' போட்டால் சரியாகிவிடும்" என்று. 'டிஸ்டிங்க்ட்' என்றால் ஒரே எண் எத்தனை தடவை வந்தாலும் ஒரு தடவை மட்டும் எடுப்பது. சரியாகத்தான் வரும். 2000, 2500, 1500 மூன்றும் வெவ்வேறு எண் என்பதால் 6000 வந்துவிடும். அதோடு விட்டுவிடாதீர்கள். அந்த 1500ஐ அழித்துவிட்டு 2000 என்று எழுதி மறுபடி ஓட்டுங்கள். இப்போது உண்மையான மொத்தம் 6500. 'டிஸ்டிங்க்ட்' இரண்டு 2000ஐயும் ஒன்றாக எண்ணி 4500 என்று காட்டும். முன்பணம் கழித்து 5000 கொடுக்க வேண்டிய இடத்தில் 3000. ஒரே தொகைக்கு இரண்டு நாள் பால் ஊற்றியது மட்டும்தான் அந்த மனிதர் செய்தது.

சரியான வழி, பால் டேபிளைத் தனியாகக் கூட்டி விவசாயிக்கு ஒரு வரியாக்கி, முன்பணத்தையும் அப்படியே ஒரு வரியாக்கி, அதன்பிறகு ஜாயின் செய்வது. மைஎஸ்கியூஎல் 5.7இல் அதை 'ஃப்ரம்'முக்குள்ளே அடைப்புக்குறி போட்டு எழுத வேண்டும். போஸ்ட்கிரெஸில் 'வித்' போட்டு மேலே பெயர் வைத்து எழுதலாம். முதல் வாரம் நீங்கள் சொல்லித்தர நினைத்த 'வித்' இங்கே தானாக வந்து நிற்கிறது பாருங்கள். எதற்கு அது என்று இப்போது யாரும் கேட்க மாட்டார்கள்.

மீட்டிங் முடிந்ததும் உங்கள் கோடு முழுவதிலும் 'டிஸ்டிங்க்ட்' என்று தேடச் சொல்லுங்கள். வருகிற ஒவ்வொன்றையும் சந்தேகப்படத் தேவையில்லை. 'சம்' இருக்கும் இடத்திலோ மூன்று டேபிளோ அதற்கு மேலோ ஜாயின் ஆகும் இடத்திலோ வந்தால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். எப்போதோ யாரோ இரட்டை வரி வருவதைப் பார்த்து அவசரத்தில் ஒட்டியதாக இருக்கலாம்.

இரண்டாவது வாரத்துக்கு டி.ஆர்.சி.யை எடுங்கள். இதைத்தான் மனதில் வைத்துக்கொண்டு நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். நூறு கிலோ பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை கிலோ என்பதுதான் டி.ஆர்.சி. என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலை எடை போடுவது இன்றைக்கு, டெஸ்ட் ரிசல்ட் வருவது பிறகு. அதுவரை அந்த ஃபீல்டு 'நல்', அதாவது மதிப்பு தெரியாத காலி இடம். ஒரு விவசாயி மூன்று நாள் ஊற்றியதாக வைத்துக்கொள்வோம்: 40 கிலோ, டி.ஆர்.சி. 35; 50 கிலோ, டி.ஆர்.சி. 32; 60 கிலோ, இன்னும் டெஸ்ட் வரவில்லை. காய்ந்த ரப்பர் முதல் நாள் 14 கிலோ, இரண்டாம் நாள் 16 கிலோ. மூன்றாம் நாள் எடையை 'நல்'லோடு பெருக்கினால் 'நல்'தான். 'சம்' அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு 30 என்று சொல்லும். ஆனால் எடையைக் கூட்டும்போது 60ஐயும் சேர்த்து 150 என்று சொல்லும். 30ஐ 150ஆல் வகுத்து, இவருடைய சராசரி டி.ஆர்.சி. 20 என்று ரிப்போர்ட் காட்டும்.

அந்த 20ஐப் பார்க்கும் வியாபாரி என்ன நினைப்பார்? பாலில் தண்ணீர் சேர்த்திருக்கிறார் என்று நினைப்பார். உண்மையில் டெஸ்ட் வந்த 90 கிலோவுக்கு 30 கிலோ, அதாவது 33.3. நல்ல பால். ஒரு குவெரியில் யோசிக்காமல் விட்ட இடம் ஒரு மனிதரைத் திருடர் ஆக்கிவிடும். 'நல்' பற்றிய பாடம் புத்தகத்தில் உலர்ந்துபோய்க் கிடக்கிறது. இந்த எண்களோடு சொன்னால் உங்கள் டீமில் யாரும் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள்.

இதற்குச் சிலர் 'கோலெஸ்' போட்டு 'நல்'லை பூஜ்யமாக மாற்றுவார்கள். அது தப்பை நிரந்தரமாக்குவது. டெஸ்ட் வராததும் டி.ஆர்.சி. பூஜ்யம் என்பதும் ஒன்றல்ல. வகுக்கும் இடத்தில் டெஸ்ட் வந்த வரிகளின் எடையை மட்டும் கூட்ட வேண்டும். 'சம்'முக்குள்ளே நிபந்தனை சொல்லும் 'கேஸ்' போட்டால் உங்கள் இரண்டு டேட்டாபேஸிலும் ஓடும். போஸ்ட்கிரெஸில் 9.4 முதல் 'ஃபில்டர்' என்று இதற்கே ஒரு சொல் இருக்கிறது, படிக்க இன்னும் சுத்தமாக இருக்கும். கூடவே, நட்சத்திரம் போட்ட 'கவுன்ட்' எல்லா வரியையும் எண்ணும், ஃபீல்டு பெயர் போட்ட 'கவுன்ட்' 'நல்' இல்லாததை மட்டும் எண்ணும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் "இன்னும் டெஸ்ட் வராதது: 1". அந்த வரியை ரிப்போர்ட்டின் அடியில் போட்டுக் கொடுத்தால் வியாபாரிக்கே விஷயம் புரியும்.

'நல்'லுக்கு இன்னொரு வாரமும் ஒதுக்கலாம். இந்த மாதம் பால் ஊற்றாத விவசாயிகள் யார் என்று 'நாட் இன்' வைத்து எழுதிய குவெரி உங்களிடம் இருக்கும் என்றே நினைக்கிறேன். பதிவு எண் இல்லாத ஒருவர் வழியில் நிறுத்திப் பால் ஊற்றிவிட்டுப் போனார், அந்த வரியில் விவசாயி எண் 'நல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே வரிக்காக மொத்தப் பட்டியலும் காலியாக வரும். 103ஆம் எண்காரர் அந்தத் தெரியாத ஆள்தானா இல்லையா என்று எஸ்கியூஎல்லுக்குச் சொல்லத் தெரியாது. தெரியாத விடையை அது 'ஆம்' என்று எடுத்துக்கொள்ளாது. ஆகவே யாரும் பட்டியலில் வர மாட்டார்கள். 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' வைத்து எழுதினால் இந்தக் குழப்பம் இல்லை. காலிப் பட்டியலைப் பார்க்கிறவர் "பரவாயில்லையே, எல்லாரும் இந்த மாதம் வந்திருக்கிறார்களே" என்று சந்தோஷப்படுவார். அதுதான் இதில் ஆபத்து.

'லெஃப்ட் ஜாயின்' (இடதுபக்க டேபிளின் எல்லா வரியையும் விடாமல் வைத்துக்கொள்ளும் ஜாயின்) செய்துவிட்டு வலதுபக்க டேபிளின் மாதத்தை 'வேர்'இல் (ஜாயினுக்குப் பிறகு வடிகட்டும் இடத்தில்) கேட்பது அடுத்தது. "ஆளு பேரு ரிப்போர்ட்ல காணல்ல" என்ற புகார் பெரும்பாலும் இதுதான். அந்த நிபந்தனையை 'ஆன்' (ஜாயினுக்கான நிபந்தனை) பக்கம் நகர்த்தினால் பால் ஊற்றாதவரும் பட்டியலில் நிற்பார். பத்து நிமிஷம் போதும், மீதி நேரத்தில் எல்லாரும் தங்கள் குவெரியைத் திறந்து தேடட்டும்.

தேதிகளைப் பற்றிப் பேச ஒரு வாரம் வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் படகுகளுக்கு ஐஸ் விற்கிற ஒரு இடத்துக்குக் கணக்கு எழுதிக்கொடுத்தேன். மாத ரிப்போர்ட்டுக்கு 'பிட்வீன்' போட்டு, ஒன்றாம் தேதி முதல் 31ஆம் தேதி வரை என்று எழுதியிருந்தேன். ஃபீல்டில் தேதியோடு நேரமும் இருந்தது. 31ஆம் தேதி என்று மட்டும் எழுதினால் அது அந்த நாள் பிறக்கும் நள்ளிரவு 12 மணி. அதற்குப் பிறகு அன்றைக்கு முழுதும் விற்ற ஐஸ் எந்த மாதத்திலும் வரவில்லை, ஏனென்றால் அடுத்த ரிப்போர்ட் ஒன்றாம் தேதியில் தொடங்கியது. கணக்குப்பிள்ளை கையெழுத்து நோட்டை வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு மாதத்தின் கடைசி நாளையும் விரலால் தொட்டுக் காட்டினார். அந்த விரல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றிலிருந்து தொடக்க நாள் சேரும், முடியும் நாளுக்கு மறுநாள் சேராது என்று இரண்டு நிபந்தனையாகத்தான் எழுதுகிறேன். உங்கள் ஆட்களிடம் இதைச் சொல்லுங்கள். ஃபீல்டை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு தேதியை மட்டும் உருவி ஒப்பிட்டால் விடை சரியாக வரும், ஆனால் அந்த ஃபீல்டில் இருக்கும் சாதாரண இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அகரவரிசை மாதிரி ஒன்று) உதவாமல் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதே ஐஸ் கணக்கில் இன்னொரு பாடமும் கிடைத்தது. மீன்பிடித் தடைக்காலத்தை நான் குவெரிக்குள் 'கேஸ்' போட்டு எழுதி வைத்திருந்தேன். ஆனால் நம் மாவட்டத்தில் தடைக்காலம் ஒன்றல்ல, இரண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுமே 61 நாள், ஜூன் முதல் பாதியில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும். துறைமுகம், தொடக்கம், முடிவு என்று ஒரு சின்ன டேபிள் போட்டு, தேதி அந்த இடைவெளிக்குள் விழுகிறதா என்று ஜாயின் செய்தபோதுதான் எனக்கு நிம்மதி வந்தது. ஜாயின் என்றால் இரண்டு எண்கள் சமமாக இருக்க வேண்டும் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ரப்பர் விலை எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ன என்று உங்களிடமும் இருக்குமே, அதற்கு இதே முறைதான்.

இத்தனைக்கும் பிறகுதான் விண்டோ ஃபங்ஷன், அதாவது வரிகளைச் சுருக்காமலே மற்ற வரிகளையும் பார்த்துக் கணக்குப் போடுவது. நீங்கள் எடுத்த தலைப்புகளைப் பார்த்தால் உங்களுக்கு இதிலும் ஆசை இருக்கும் என்று தோன்றுகிறது. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. எஸ்கியூஎல்லில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். அது தரநிலையில் 2003இல் சேர்ந்தது, போஸ்ட்கிரெஸில் 8.4 பதிப்பில் 2009இல் வந்துவிட்டது, மைஎஸ்கியூஎல்லுக்குத்தான் 8.0 வரை காத்திருக்க வேண்டி வந்தது. ஆனால் அதையும் ஒரு தப்பின் வழியாகவே உள்ளே கொண்டு வாருங்கள்.

ஒவ்வொரு வியாபாரியும் கடைசியாகப் போட்ட விலை என்ன? பழைய மைஎஸ்கியூஎல் ஆட்கள் வியாபாரி எண், 'மேக்ஸ்' தேதி, விலை மூன்றையும் கேட்டுவிட்டு வியாபாரி எண்ணில் 'குரூப் பை' (குழுவுக்கு ஒரு வரியாக்குவது) போடுவார்கள். 5.7.5 முதல் மைஎஸ்கியூஎல் இதை இயல்பாகவே மறுக்கிறது. ஆனால் பழைய கோடு ஓட வேண்டும் என்று அந்தக் கட்டுப்பாட்டை நிறுத்தி வைப்பது வழக்கம். உங்கள் வாடிக்கையாளர்களின் சர்வரில் 'எஸ்கியூஎல் மோட்' என்ன என்று இன்றைக்கே பாருங்கள். நிறுத்தியிருந்தால், தேதி கடைசித் தேதியாக இருக்கும், விலை அந்தக் குழுவில் ஏதோ ஒரு வரியின் விலையாக இருக்கும். இரண்டும் ஒரே வரியிலிருந்து வந்தது என்று பார்க்கிறவர் நம்பிவிடுவார். இதை முதலில் காட்டுங்கள். பிறகு 5.7இல் கடைசித் தேதியைத் தனியாக எடுத்து மறுபடி ஜாயின் செய்வதைக் காட்டுங்கள். அதன்பிறகு போஸ்ட்கிரெஸில் 'ரோ நம்பர்' போட்டு, வியாபாரி வாரியாகப் பிரித்து, தேதியைத் தலைகீழாக அடுக்கி, முதல் எண்ணை மட்டும் எடுப்பதைக் காட்டுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 5.7இலிருந்து மாற வேண்டிய காரணமும் மேனேஜருக்குக் கிடைத்துவிடும். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் ஓடும் பாக்கி. 'சம்'மோடு 'ஓவர்' சேர்த்தால் ஒவ்வொரு வரியிலும் அதுவரை உள்ள தொகை வரும். ஒரே தேதியில் இரண்டு வரி இருந்தால், தேதியை மட்டும் வைத்து அடுக்கியிருக்கும்போது இரண்டு வரியிலும் ஒரே மொத்தம் காட்டும். வேறு எதுவும் சொல்லாவிட்டால் அது ஒரே தேதியுள்ள வரிகளைச் சேர்த்தே கூட்டும். காலையில் பால், மத்தியானம் ஒட்டுப்பால் (ஒட்டிக் காய்ந்துபோன ரப்பர்) என்று ஒரே நாளில் இரண்டு வரி உங்களுக்கு வரத்தான் செய்யும். அடுக்கும்போது தேதியோடு வரி எண்ணையும் சேர்த்துவிட்டால் சரி. 'லேக்' வைத்து நேற்றைய எடையை இன்றைய வரிக்குக் கொண்டுவருவதையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம். அப்ளிகேஷன் கோடில் லூப் போட்டு "முந்தின வரி" என்று ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்ளும் இடங்களைத் தேடினால் 'லேக்'குக்கு வேண்டிய உதாரணம் உங்கள் வீட்டுக்குள்ளேயே கிடைக்கும்.

"ரெண்டு தடவ ஏறிட்டு" என்ற புகாருக்கு வருவோம். பேச்சிப்பாறைக்கு மேலே போனால் சிக்னல் வரும், போகும். போனில் எடை போட்டு அனுப்புகிறவர் பதில் வரவில்லை என்று மறுபடி அழுத்துவார், அதே வரி இரண்டு தடவை உட்காரும். அதே வரி மறுபடி வந்தால் என்ன செய்வது என்று சொல்ல, போஸ்ட்கிரெஸில் 'ஆன் கான்ஃப்ளிக்ட்', மைஎஸ்கியூஎல்லில் 'ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்'. ஆனால் இரண்டுக்கும் அடியில், ஒரே மதிப்பை இரண்டு தடவை ஏறவிடாத ஒரு 'யூனிக்' கட்டுப்பாடு இருந்தே ஆக வேண்டும், அது இல்லாமல் மேலே என்ன எழுதியும் பிரயோஜனம் இல்லை. எது ஒரு வரியைத் தனியாக அடையாளம் காட்டும் என்ற விவாதம் அந்த மீட்டிங்கில் கிளம்பினால் குவெரியை விட்டுவிடுங்கள், விவாதம் ஓடட்டும்.

மழை நாளில் வெட்டு இல்லை, வரியும் இல்லை. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் இப்படி ஓட்டை விழும் நாட்கள் நிறைய. அந்த நாட்களை விட்டுவிட்டு வரையும் கிராஃப் பொய் சொல்லும். போஸ்ட்கிரெஸில் 'ஜெனரேட் சீரிஸ்' நாட்களை உருவாக்கித் தரும், 5.7இல் நாட்காட்டி டேபிள் ஒன்று போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பத்து நிமிஷம்கூட வேண்டாம்.

வேகத்தைப் பற்றி ஒரே ஒரு வாரம் போதும், அதுவும் கடைசிப் பக்கம். 'ஸ்லோ குவெரி லாக்' திறந்து வைத்து, அதில் மேலே நிற்கும் ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரு எச்சரிக்கை: குவெரி எப்படி, எவ்வளவு நேரத்தில் ஓடுகிறது என்று காட்டும் 'எக்ஸ்பிளெய்ன் அனலைஸ்' போஸ்ட்கிரெஸில் குவெரியை நிஜமாகவே ஓட்டும். 'டிலீட்'டோடு போட்டால் நிஜமாகவே அழியும். ஒரு டிரான்ஸாக்ஷனுக்குள் போட்டு ரோல்பேக் செய்ய (செய்த மாற்றத்தைத் திரும்பப் பெற) பழக்குங்கள். வாடிக்கையாளரின் உண்மையான டேட்டாபேஸைத் திரையில் திறக்கவே வேண்டாம். பத்து வரி கையால் எழுதிய டேபிள் எல்லாத் தலைப்புக்கும் போதும். பத்து வரி என்றால்தான் விடையை மனக்கணக்கில் சரிபார்க்க முடியும்.

ஜேசன், முழு உரைத் தேடல், 'மெர்ஜ்' இவற்றையெல்லாம் இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் புகார் தாளில் அவற்றுக்கான வரி ஒன்று வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

இனி அண்ணாச்சி. நான் சொன்னபடி தப்புகளைத் தேடிப் போனால் நீங்கள் பார்க்கப்போவதில் பாதி அவர் எழுதியதாக இருக்கும். அதைத் திரையில் போட்டு "இது தப்பு" என்றால் அவர் மறுபடி எழுந்து போவார், இந்த முறை நியாயமாகவே போவார். அவர் தொடங்கிய காலத்தை நினைத்துப் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் சப்குவெரி வந்ததே 4.1 பதிப்பில், 2004இல்தான். அதற்கு முன்னால் அதில் எழுதியவர்கள் தற்காலிக டேபிள் போட்டும், ஒன்றுக்கு இரண்டு குவெரி ஓட்டியும், லூப்பில் கூட்டியும்தான் வேலையை முடித்தார்கள். இன்றைக்கு நமக்குச் சுற்று வழியாகத் தெரிவது அன்றைக்கு இருந்த ஒரே வழி. உங்கள் கோடில் இருக்கும் விநோதம் ஒவ்வொன்றுக்கும் காரணம் அவருக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

அதனால் மீட்டிங்குக்கு முன்னால் திங்கட்கிழமையே அவர் மேஜைக்குப் போங்கள். முன்பணக் கணக்கின் எண்களைத் தாளில் எழுதி எடுத்துப் போய், "அண்ணாச்சி, இதில் பாக்கி 7500 என்று வருகிறது, எங்கே என்று பார்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. இருபது வருஷத்தில் இதை அவர் எத்தனை தடவை பார்த்திருப்பார்! பிறகு, புதன்கிழமை போர்டில் நீங்களே எழுத முடியுமா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம், நீங்களே எழுதுங்கள், அவர் கண்டுபிடித்துச் சொன்னார் என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். புதியவர்களுடைய குவெரிகளும் போர்டுக்கு வர வேண்டும், முதலில் உங்களுடையது.

உங்கள் பால் டேபிளில் விவசாயி எண் 'நல்'லாக எத்தனை வரி இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள். ஒன்றாவது இருந்தால், 'நாட் இன்' வாரத்தை டி.ஆர்.சி.க்கும் முன்னால் கொண்டு வந்துவிடலாம்.